பூவோடு வந்த புல்

போன வாரம் மகளுடைய முயலுக்குப் புல் வாங்க ஷா ஆலத்தில் ஒரு கடைக்குப் போனேன். புல்லைக்கூடப் பிளாஸ்டிக் பையில் அடைத்து, முன்பக்கம் சிரிக்கிற முயல் படம் போட்டு விற்கிற காலம் இது. வீட்டுக்கு வந்து பையின் வாயைக் கத்தரித்ததும் வாசனை வந்தது. தேயிலை டின்னைத் திறந்தால் வருமே, அதோடு கொஞ்சம் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கை தானாகப் பழைய பேப்பரைத் தேடி எடுத்தது. கூடத்தின் நடுவில் விரித்து, பையைக் கவிழ்த்து, ஒவ்வொரு பிடியாக உதறிப் பார்க்க ஆரம்பித்தேன்.

"ம்மா, என்ன தேடுறீங்க? முயலுக்குப் பசிக்குது லா."

"சும்மா இரு. பாத்துட்டுத்தான் போடணும்."

"என்னத்த பாக்கணும்?"

"பூச்சி."

எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதில் போதவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உங்களுக்கும் போதாது என்று தெரியும். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லலாம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு நான்கு வருடம் செமினிப் பக்கம் ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்தேன். நான் பிரிக்ஃபீல்ட்ஸ் பெண். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே எல்லாருக்கும் அரசாங்க உத்தியோகம். சித்தப்பா ரயில்வே, அத்தை கல்வி இலாகா, அப்பா பொதுப்பணி இலாகாவில் முப்பத்தைந்து வருடம் ஒரே மேசை. நான் குதிரை லாயத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"டிகிரி முடிச்சது குதிரைக்குப் புல்லுப் போடவோ பிள்ளை?"

"புல்லுப் போட இல்லப்பா. ஆபீஸ் வேலை."

"யாரும் கேட்டா ஸ்போர்ட்ஸ் கிளப் எண்டு சொல்லு."

அப்படியே சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மையில் நான் அங்கே கிராணி. எஸ்டேட் காலத்துச் சொல் அது, குமாஸ்தாவுக்கு. எஸ்டேட்டெல்லாம் வீடமைப்புத் திட்டமாகிவிட்டாலும் சொல் மட்டும் எங்கள் நாட்டில் சாகவில்லை. சரக்கு வந்தால் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, எந்தக் குதிரைக்கு எப்போது ஊசி என்று சுவரில் எழுதி வைப்பது, சவாரி பழக வருகிற பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேசிச் சமாளிப்பது, இவ்வளவுதான் என் வேலை. குதிரை கிட்டே நான் போகமாட்டேன். முதல் வாரத்தில் ஒரு குதிரை என் பக்கமாகத் தும்மியதற்கு, கையிலிருந்த கோப்போடு நேராகச் சாக்கடையில் இறங்கி நின்றவள் நான். அன்றைக்கு என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டவன் தேவா.

தேவா அங்கே சைஸ். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கிள்ளான்காரன். என்னைவிட இரண்டு வயது இளையவன், அதனால் சாக்கடையிலிருந்து ஏறிய நிமிடமே எனக்கு அக்கா பட்டம் கிடைத்துவிட்டது. அவனுக்குப் பொறுப்பாக ஆறு குதிரைகள் இருந்தாலும் அவன் உயிர் மல்லியிடம்தான் இருந்தது. மல்லி வெள்ளையில் சாம்பல் கலந்த பெண் குதிரை. குதிரைப் பந்தயத்தில் ஓடி முடித்து, கால் நரம்பு கெட்டு, யாருக்கும் வேண்டாதவளாக வந்து சேர்ந்தவள். காகிதத்தில் நீளமாக ஏதோ ஆங்கிலப் பெயர் இருந்தது. தேவாதான் மல்லி என்று கூப்பிட்டான்.

அவளை வைத்துக்கொள்வதில் எங்கள் பாஸுக்கு விருப்பமே இல்லை. சவாரிக்கு ஆகாத குதிரை இடத்தை அடைக்கிறது என்பார். தேவா வாரக்கணக்கில் பின்னாலேயே நடந்து கெஞ்சியதில் ஒருநாள் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "நிக்கிற வரைக்கும் நீ பாத்துக்க. அதுக்கு ஒன்னு ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும். அப்புறம் அது இங்க இருக்காது, தெரியுமா?" தேவா தலையாட்டினான். அந்த நேரத்தில் அவன் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பான்.

மல்லிக்கும் இன்னும் இரண்டு வயதான குதிரைகளுக்கும் மட்டும் வெளிநாட்டுப் புல். அல்ஃபால்ஃபா என்று பெயர். நாங்கள் சுருக்கமாக அல்ஃபா என்போம். தமிழில் அதற்குக் குதிரைமசால் என்று ஓர் அருமையான பெயர் இருப்பதை ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். காய்ந்த புல்லைப் பெட்டி மாதிரி இறுக்கிக் கட்டி அனுப்புவார்கள். கயிற்றை அறுத்தால் ரொட்டித் துண்டு மாதிரி அடுக்கு அடுக்காகப் பிரியும். வேளைக்கு இத்தனை ஸ்லைஸ் என்று கணக்கு. தேவா ஒவ்வொரு ஸ்லைஸையும் கையில் ஏந்திப் படபடவென்று உதறிவிட்டுத்தான் போடுவான். தூசி மல்லிக்கு இருமலைக் கொண்டுவரும் என்பான். எனக்கு அதைப் பார்த்தாலே தும்மல் வரும்.

ஒரு தடவை வழக்கமாகப் புல் அனுப்புகிறவரின் சரக்கு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதால், பாஸ் வேறு ஒருவரிடம் சொல்லி வரவழைத்தார். திங்கட்கிழமை லோரி வந்தது. எண்ணிக் கையெழுத்துப் போட நான் நின்றேன். தேவா அந்த நேரம் பின்கட்டில் குதிரை குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். இறக்குகிற கட்டுகளில் இரண்டு மற்றவற்றைப் போல இல்லை. நல்ல பச்சை, இடையிடையே ஊதாப் பூக்கள் காய்ந்தும் நிறம் போகாமல் இருந்தன. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் பூ இல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது. தெருமுனைப் பூக்கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தேன். பூ இருந்தால் அது நல்லது, புதுசு, மங்களகரம். இதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெரியாது. மல்லி அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று தேவா புலம்பிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

"அண்ணே, அந்த ரெண்டு கட்டையும் கதவுகிட்ட வைங்க" என்று லோரிக்காரரிடம் சொன்னேன்.

தேவா எப்போதும் கதவருகில் இருக்கிற கட்டைத்தான் மல்லிக்கு எடுப்பான். அவனிடம் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ள வேண்டாம், அவனே பூவைப் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டேன். வாழ்க்கையில் நான் அடக்கமாக இருந்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் தம்பட்டம் அடித்திருக்கலாம்.

புதன்கிழமை காலை தேவா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தான். முழங்கைக்குக் கீழே உள்பக்கமெல்லாம் கொப்புளம், சிலது திராட்சை அளவுக்கு.

"எரியுது அக்கா."

நான் எழுந்துகூடப் பார்க்கவில்லை. "சார்லி லா, தேவா. ரூம்ல லைட்ட போட்டுக்கிட்டே தூங்கினியா?"

சார்லியைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்து அடுக்குமாடிகளில் கிடையாது. எறும்பைவிடக் கொஞ்சம் நீளமான, ஆரஞ்சும் கறுப்புமான பூச்சி. யார் வைத்த பெயரோ. சாயங்காலம் விளக்கு வெளிச்சத்துக்குப் பறந்து வரும். தெரியாமல் நசுக்கிவிட்டால் அந்த இடத்துத் தோல் வெந்துபோகும். உடம்பில் எங்கே கொப்புளம் வந்தாலும் முதலில் சார்லி மேல் பழி போட்டுவிட்டு அப்புறம்தான் மற்றதை யோசிப்போம். நான் மற்றதை யோசிக்கவே இல்லை. டிராயரில் கிடந்த களிம்பை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் கிள்ளானிலிருந்து அவனுடைய அம்மா லாயத்தின் தானியங்கிக் கேட் முழுதாகத் திறப்பதற்குள் குனிந்து நுழைந்து வந்துவிட்டார். அவன் கையைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்குச் சார்லியெல்லாம் கிடையாது.

"அம்மா வந்திருக்காப்பா. மருந்து கிருந்து தடவாத. வீட்டுக்கு வா."

அம்மை போட்டிருக்கிறது என்று முடிவாகிவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் வெளியே வரக்கூடாது. தேவா வண்டியில் ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான். "ரஃபிக் மத்த குதிரைய பாத்துக்குவாரு. மல்லிக்கு மட்டும் நீங்க தீனி போடுங்க அக்கா. வேற ஆளு போட்டா சாப்பிடாது. உங்க குரல் அதுக்குத் தெரியும்." ரஃபிக் லாயத்தின் அடுத்த வரிசைக் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட சைஸ், வங்காளதேசத்துக்காரர். மல்லிக்கு என் குரல் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நான் பயந்து கத்துவது லாயம் முழுக்கக் கேட்கும்தானே.

வியாழன் மாலை, வெள்ளி காலை, வெள்ளி மாலை நான்தான் போட்டேன். கயிற்றை அறுத்து, எண்ணி ஸ்லைஸ் எடுத்து, கதவுக்கு மேலாகவே உள்ளே தள்ளிவிட்டு ஓடி வந்துவிடுவேன். உதறவில்லை. உதறினால் எனக்குத் தும்மல் வரும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை.

சனிக்கிழமை காலை மல்லி தண்ணீர்த் தொட்டியில் மூக்கை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை இப்படியும் அப்படியும் அடித்தாள், சுவரெல்லாம் தெறித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. போனில் வீடியோ எடுத்து, 'உன் பிள்ளை தண்ணியில விளையாடுது பாரு' என்று தேவாவுக்கு அனுப்பினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. வீடியோ கால். வேப்பிலைக்கு நடுவில் தேவாவின் முகம்.

"அக்கா, அது விளையாட்டு இல்ல. அது குடிக்கல. தண்ணிய அடிக்குது, ஆனா ஒரு வாய் உள்ள போகல, பாத்தீங்களா? வாய தொறந்து பாருங்க."

"யாரு, நானா?"

"ரஃபிக் எங்க?"

"பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு சவாரிக்குப் போயிட்டாரு."

"அப்ப நீங்கதான் அக்கா. கதவ தொறங்க. முன்னால நிக்காதீங்க, பக்கத்துல நில்லுங்க. கழுத்துல கை வைங்க. பேசிக்கிட்டே இருங்க."

நான் உள்ளே போனேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. மல்லியின் கழுத்தில் கை வைத்தால் வியர்வை, அந்தக் காலைக் குளிரில் வேட்டி பிழிகிற அளவுக்கு வியர்வை. என்ன பேசினேன் என்று தெரியாது. மல்லி மல்லி என்று பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சொன்னபடி கட்டைவிரலை வாயோரத்தில் விட்டுக் கீழுதட்டை மடக்கினேன். ஈறு முழுக்கப் புண். நாக்கின் ஓரத்தில் கொப்புளம், உடைந்ததும் உடையாததுமாக. எச்சில் நூல் நூலாக என் கைமேல் விழுந்தது.

போனை அங்கே காட்டினேன். தேவா தன் போனைத் திருப்பித் தன் கையைக் காட்டினான். அதே கொப்புளம்.

"அக்கா, சார்லி குதிரை வாய்க்குள்ள போயி கடிக்குமா? மாரியாத்தா குதிரைக்கும் வருவாளா?"

நான் மல்லியின் உதட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"நானும் அதுவும் ரெண்டு பேரும் தொட்டது புல்லுதான். எல்லாத்தையும் அள்ளி வெளிய போடுங்க. வெறுங்கையால தொடாதீங்க, ஏதாச்சும் சுத்திக்குங்க. டாக்டருக்குப் போன் அடிங்க. நான் வரேன்."

பின்னால் அவன் அம்மா ஏதோ சத்தம் போடுவது கேட்டது. போன் அணைந்துவிட்டது. நான் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு, மிச்சமிருந்த புல்லை அள்ளி வெளியே போட்டேன். என் பக்கத்தில் அரை டன் மிருகம் காலால் தரையை அறைந்துகொண்டிருக்கிறது என்கிற பயமே அப்போது வரவில்லை. வேறு ஒரு பயம் வந்துவிட்டிருந்தது. அள்ளிய புல்லில் ஊதாப் பூக்கள் இருந்தன.

டாக்டர் சூ வருவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நெடுஞ்சாலையில் ஜேம், சனிக்கிழமை வண்டி நெரிசல். நிமிடத்துக்கு ஒரு தடவை போன் செய்தேன். கடைசியில் அவர் எடுப்பதையே நிறுத்திவிட்டார். மல்லி தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். படுக்கப் போவாள், எழுந்துவிடுவாள். கால்களை அகட்டி நின்று சிறுநீர் விட்டாள், கொஞ்சமாக, திரும்பத் திரும்ப. அது சிவப்புத் தேநீர் நிறத்தில் இருந்தது. நான் கதவுக்கு உள்பக்கமாகவே நின்றேன். வெளியே போய் நிற்கிற தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது.

டாக்டர் வந்ததும் வாயைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், "புல் எங்கே?" என்றார். சீனப் பெண்மணி, சின்ன உருவம், அதிகம் பேசமாட்டார். ஸ்டோருக்கு அழைத்துப் போனேன். பாதி தீர்ந்த கட்டை அவர் கையுறை போட்டு ஒவ்வொரு ஸ்லைஸாகப் பிரித்தார். முதல் ஸ்லைஸில் ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, எதிலும் ஒன்றுமில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஐந்தாவதைப் பிரித்தார். நசுங்கிக் காய்ந்த வண்டுகள் ஒரு கைப்பிடி அளவுக்குக் கூட்டமாகக் கிடந்தன. மெலிந்த உடம்பு, நெடுக்கக் கோடு. நான் குனிந்ததும், "ஜங்கான் பெகாங்!" என்று மலாயில் அதட்டினார். தொடாதே.

அவர் சொன்னது சுருக்கமாக இது. அந்த வண்டுக்குள் தோலை வேக வைக்கிற விஷம் உண்டு. வெளிநாட்டில் புல் பூக்கிற காலத்தில் பூவைத் தின்னக் கூட்டமாக வந்து உட்காரும். அந்த நேரத்தில் மெஷினில் அறுத்து நசுக்கிக் கட்டினால் வண்டும் புல்லோடு கட்டுக்குள் போய்விடும். ஒரு கட்டில் ஒன்றிரண்டு ஸ்லைஸில் மட்டும் இருக்கும், மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கும். குதிரை உள்ளே தள்ளினால் வாயிலிருந்து சிறுநீரகம் வரைக்கும் வெந்துவிடும். மாற்று மருந்து கிடையாது. கரித்தூளைக் கரைத்துக் குழாய் வழியாக வயிற்றுக்கு விடலாம், சேலைன் ஏற்றலாம், கால்சியம் கொடுக்கலாம். மூன்று நாள் தாண்டினால் பார்க்கலாம்.

பூவைத் தின்ன வரும் என்று அவர் சொன்னதற்கு அப்புறம் கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

அதற்குள் பாஸ் வந்துவிட்டார். "இவ்வளவுதானா? பூச்சிமருந்து அடிச்சா போச்சு லா" என்றார். டாக்டர் அவரைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இது ஏற்கெனவே செத்த பூச்சி, செத்தாலும் விஷம் சாகாது, எத்தனை வருடம் ஆனாலும் சாகாது என்றார். பிறகு கேட்டார், மூன்று குதிரைகள் இந்தப் புல்லைத் தின்கின்றன, ஏன் இவளுக்கு மட்டும்?

பாஸ் என்னைப் பார்த்தார். "இந்தக் கட்டு எப்படி இதுக்கு மட்டும் போச்சு?"

"கதவுகிட்ட இருந்துச்சு பாஸ்" என்றேன்.

பொய் இல்லை பாருங்கள். ஒரு சொல்லும் பொய் இல்லை.

டாக்டர் குழாய் விட்டுக்கொண்டிருந்தபோது தேவா வந்து இறங்கினான். மஞ்சள் அப்பிய சட்டை, இடுப்பில் வேப்பிலைக் கொத்து. அம்மை கண்ட வீட்டிலிருந்து தண்ணீர் ஊற்றாமல் எழுந்து வந்ததற்கு அவன் அம்மா இனிமேல் முகத்தில் விழிக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். டாக்டர் அவன் கையைப் பார்த்துவிட்டு, இதுவும் அதே விஷம்தான், நீ புல்லை உதறுவாயா என்று கேட்டார். ஆமாம் என்றான். அதனால்தான் வண்டு உன் கையில் விழுந்தது, இவளுக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்.

பாஸுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "கையெல்லாம் கொப்புளம் வந்துச்சுல்ல? புல்லுல ஏதோ இருக்குன்னு அப்பவே சொல்ல தெரியாதா? சம்பளம் வாங்குற சைஸ்தான நீ?"

தேவா என்னை ஒரு தடவை பார்த்தான். ஒரே ஒரு தடவை. "சார்லின்னு நெனச்சேன் பாஸ்" என்றான்.

அவன் நினைக்கவில்லை. நான்தான் சொன்னேன். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் வாய்க்குள்ளும் அப்போது ஏதோ வெந்துபோனது போல, திறக்க முடியவில்லை.

சாயங்காலம் அப்பா வந்து என்னைக் காரில் அழைத்துப் போனார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "பிழைக்குமோ?" என்றார். தெரியாது என்றேன். அடுத்த நாள் காலையில் அவரே கோயிலுக்குக் கிளம்பினார், நானும் போனேன். மல்லி பிழைத்தால் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அந்தத் தைப்பூசத்துக்கு எடுக்கவும் செய்தேன். அத்தைமார் எல்லாரும் நான் மாப்பிள்ளைக்காக எடுக்கிறேன் என்று நினைத்து, உருகி உருகி என் பின்னால் நடந்து வந்தார்கள். அடுத்த வருடமே கல்யாணமும் ஆனதால் அவர்கள் நினைப்பை மாற்ற வழியில்லாமல் போய்விட்டது.

ஞாயிறும் திங்களும் மல்லி நின்ற இடத்திலேயே நின்றாள். கழுத்தில் ஊசி, மேலே தொங்குகிற பைகள். வயிற்றோரம் துடிப்பது வெளியே தெரியும், இதயத்தோடு சேர்ந்து துடிக்கும், அது நல்லதில்லை என்று டாக்டர் சொன்னார். தேவா அவள் தலையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு நின்றான். எரிகிற கையை மடக்கக்கூட முடியாமல் நீட்டியபடியே நின்றான். நான் பை மாற்றுகிற நேரத்தை எழுதினேன். சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் பேனாவை மூடுவேன். அவள் பிழைத்ததும் சொல்லலாம் என்று தள்ளிப் போடுவேன். பிழைக்காவிட்டால் சொல்லவே முடியாது என்பதும் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணி இருக்கும், மல்லி தொட்டியில் வாயை வைத்தாள். தேவா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்தான். தண்ணீர் இறங்கியது. ஒரு மிடறு, இன்னொரு மிடறு. அவன் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்து அழுதான். பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க அந்த வீடியோ அனுப்பலன்னா மல்லி போயிருக்கும் அக்கா."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நானும் அழுதேன். அழுவது எவ்வளவு வசதியானது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்தச் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பினார்கள். அதற்கப்புறம் பூ இருக்கிற புல் எங்கள் வாசலுக்குள்ளேயே வரவில்லை. ஒரு கட்டில் ஒரு பூ தெரிந்தாலும் லோரியை அப்படியே திருப்பிவிடுவேன். ஸ்டோரில் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, கையுறை போட்டு, ஒவ்வொரு ஸ்லைஸையும் பிரித்து உதறிப் பார்த்த பிறகுதான் தீனி. கதவில் 'பூச்சி பார்த்தாச்சா?' என்று நானே எழுதி ஒட்டினேன். புதிதாக வந்த ஒருவர் அதைக் குடல்பூச்சி என்று நினைத்து, எல்லாக் குதிரைக்கும் பூச்சி மருந்து கொடுக்கக் கிளம்பிவிட்டார். அப்புறம் 'வண்டு' என்று மாற்றி, பக்கத்தில் படமும் வரைந்தேன். கரப்பான் மாதிரி இருந்தது என்றாலும் வேலை செய்தது.

ஆனால் பாஸ் தன் சொல்லைக் காப்பாற்றிவிட்டார். மல்லியை வெளியே அனுப்பவில்லை, அந்த அளவுக்கு டாக்டர் சண்டை போட்டார். அதற்குப் பதிலாகத் தேவாவை அடுத்த வரிசைக்கு மாற்றி, மல்லியை ரஃபிக்கிடம் கொடுத்தார். தேவா எதிர்த்துப் பேசவில்லை. மதியம் சாப்பிடுகிற நேரத்தில் வந்து அவள் கதவுக்கு வெளியே நிற்பான். உள்ளே போகக்கூடாது என்று உத்தரவு. ஆபீஸ் ஜன்னலிலிருந்து அது தெரியும். எட்டு மாதம் அப்படி நின்றான், பிறகு நியூசிலாந்தில் ஒரு பண்ணையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கிளம்புகிற அன்று மல்லியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம்தான் சொன்னான்.

பார்த்துக்கொண்டேன். கல்யாணமாகி வேலையை விட்ட பிறகும் மாதம் ஒரு தடவை போய் வந்தேன். மல்லி வயதாகித்தான் செத்தாள், ஒரு மழைக்கால மதியத்தில், அமைதியாக. அடுத்த வருடம் லாயத்தையும் மூடிவிட்டார்கள். சமீபத்தில் காஜாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் அந்தப் பக்கம் காரைத் திருப்பினேன். ஒரே மாதிரியான இரண்டு மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன, வாசலில் காவல் சாவடி. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று காவலாளி கேட்டார். சொல்ல ஒரு பெயரும் இல்லாததால் திரும்பி வந்துவிட்டேன். ஸ்டோர் எங்கே இருந்தது, மல்லியின் கதவு எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அங்கே போய் நின்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்த இடமும் போய்விட்டது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் தேவா மறக்காமல் ஒரு வாழ்த்து அனுப்புகிறான். 'மல்லிய காப்பாத்துன அக்காவுக்கு' என்றுதான் ஆரம்பிப்பான். நான் ஒரு விளக்குப் படத்தை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

அவன் கிள்ளானில் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். தமிழில் எது கண்ணில் பட்டாலும், வரன் விளம்பரம் உட்பட, விடாமல் வாசிப்பான். எப்படியும் இதையும் வாசிப்பான். தேவா, அந்த இரண்டு கட்டும் தானாகக் கதவருகில் வந்து உட்காரவில்லை. பூ இருக்கிறதே என்று, மல்லிக்காக, நான்தான் அங்கே வைக்கச் சொன்னேன். பாஸ் கேட்டபோதும் சொல்லவில்லை, நீ வெளியே நின்ற எட்டு மாதமும் சொல்லவில்லை. இனி வருகிற தீபாவளிக்கு நீ வாழ்த்து அனுப்பினால், அனுப்ப மனம் வந்தால், அக்கா என்று மட்டும் போடு.